எந்த ஊர்ல கிளைமேட் நல்லா இருக்கும்? காலேஜ் தேர்வுல வானிலைக்கு எவ்வளவு இடம்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்ததை எடுத்துவிட்டு, வாசிக்க வசதியாகக் கொஞ்சம் திருத்தியிருக்கிறோம்.)

போன எபிசோட்ல இன்ஜினியரிங் கவுன்சிலிங்ல சாய்ஸ் ஃபில்லிங் எப்படிப் பண்றதுன்னு பேசினோம். அதுக்கப்புறம் வந்த கேள்விகள்ல முக்கால்வாசி கட்-ஆஃப், பிராஞ்ச், ஃபீஸ், பிளேஸ்மென்ட் பத்தித்தான். ஒரே ஒரு வாய்ஸ் நோட் மட்டும் வேற மாதிரி இருந்துச்சு. அனுப்புனவர் எங்க ஊர்க்காரர், சிவகிரி. ஈரோடு பக்கத்துலயும் ஒரு சிவகிரி இருக்கு. நான் சொல்றது தென்காசி மாவட்டத்துச் சிவகிரி.

அவர் கேட்டது இதுதான்: "தம்பி, பாப்பாவுக்குச் சென்னை, கோயம்புத்தூர், திருநெல்வேலி மூணுலயும் கிடைக்கும் போல இருக்கு. அவளுக்குச் சின்ன வயசுல இருந்தே வீசிங் உண்டு. அவ சென்னைதான் வேணும்ங்கா. அவங்க அம்மா, மழை பெஞ்சா முங்குற ஊருக்கு எதுக்கு அனுப்பணும், திருநெல்வேலின்னா ரெண்டு ரெண்டரை மணி நேரத்துல போய்ப் பாத்துட்டு வந்துரலாம்லங்கா. நீங்களே சொல்லுங்க, எந்த ஊர்ல கிளைமேட் நல்லா இருக்கும்?"

கேட்டதும் முதல்ல சிரிப்புதான் வந்துச்சு. காலேஜைப் பார்க்கச் சொன்னா கிளைமேட்டைப் பார்க்கிறாரேன்னு. கொஞ்ச நேரத்துல அந்தச் சிரிப்பு போயிருச்சு. நாலு வருஷம் ஹாஸ்டல்ல இருந்த எனக்கு, காலேஜ் சேர்றதுக்கு முன்னாடி யாரும் சொல்லாம விட்ட விஷயம் என்னன்னு யோசிச்சா, அதுல வானிலையும் ஒண்ணு. அதனால இன்னைக்கு முழு எபிசோடும் இந்தக் கேள்விக்குத்தான்.

ஒரே மாவட்டம், ரெண்டு வானிலை

முதல்ல நம்ம ஊருல இருந்தே ஆரம்பிப்போம். ஜூன், ஜூலைல குற்றாலத்துல சீசன். சாரல் விழும், காத்து ஜில்லுன்னு இருக்கும், மெயின் அருவியிலயும் ஐந்தருவியிலயும் கூட்டம் அள்ளும். அதே நாள்ல அம்பது கிலோமீட்டருக்குள்ள இருக்கிற சிவகிரியில என்ன இருக்கும்? மலை உச்சியில மேகம் இருக்கும், கண்ணுல மண்ணை அள்ளிப் போடுற காத்து இருக்கும், மழை மட்டும் பேருக்கு நாலு துளி. வெளியூர் நண்பர்கள் "தென்காசி மாவட்டமா? அப்போ உனக்குச் சீசன்தான்"னு சொல்லும்போது எனக்கு எரிச்சலா வரும்.

காரணம் மலையோட அமைப்பு. தென்மேற்குப் பருவமழை அரபிக்கடல்ல இருந்து வருது. மேற்குத் தொடர்ச்சி மலை சுவர் மாதிரி நின்னு அந்த மழையைக் கேரளப் பக்கமே இறக்கிடும். அந்தச் சுவர்ல செங்கோட்டை, ஆரியங்காவு பக்கம் ஒரு இடைவெளி இருக்கு. செங்கோட்டை கணவாய்னு சொல்வாங்க. அது வழியா ஈரக்காத்து நுழையுறதாலதான் குற்றாலம், தென்காசி, செங்கோட்டைக்கு மட்டும் சாரல் கிடைக்குது. வடக்கே வர வர மலை மறுபடி உயரமாகி மறைச்சிடும். நம்ம பக்கம் வர்றது ஈரம் போன வறண்ட காத்து. கயத்தாறு, சுரண்டை, சங்கரன்கோவில் பக்கம் காற்றாலைகள் அத்தனை நிக்கிறதுக்கும் இந்தக் கணவாய்க் காத்துதான் காரணம்.

இதை ஏன் சொல்றேன்னா, மாவட்டத்தோட பேரை வெச்சு வானிலையைச் சொல்ல முடியாது. ஊர் பேரை வெச்சும் சொல்ல முடியாது. "சென்னையில வெள்ளம் வரும்"னு சொன்னா எந்தச் சென்னை? பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டின வேளச்சேரியும், மேட்டுல இருக்கிற பரங்கிமலையும் ஒண்ணா? நாம சேரப்போறது சென்னையில இல்ல. ஒரு குறிப்பிட்ட தெருவுல, ஒரு குறிப்பிட்ட ஹாஸ்டல்ல, ஒரு குறிப்பிட்ட மாடியில. அந்த அளவுக்குக் கிட்டப் போய்ப் பார்த்தாத்தான் வானிலை பத்தின கேள்விக்கு அர்த்தம் இருக்கு.

செமஸ்டர் காலண்டரும் மழைக் காலண்டரும்

அடுத்தது இதைவிட முக்கியம். தமிழ்நாட்டுக்குக் கிடைக்கிற மொத்த மழையில கிட்டத்தட்ட பாதி அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் வடகிழக்குப் பருவமழையில வருது. புயலும் பெரும்பாலும் அப்போதான். கொடும் வெயில் ஏப்ரல், மே. அக்கினி நட்சத்திரம் மே மாசம்.

இப்போ அண்ணா பல்கலைக்கழகத்தோட பரீட்சைக் காலத்தைப் பாருங்க. ஒரு செமஸ்டருக்கு நவம்பர்-டிசம்பர், இன்னொண்ணுக்கு ஏப்ரல்-மே. அதாவது வருஷத்துல வானிலை ரொம்ப மோசமா இருக்கிற ரெண்டு காலத்துலயும் நமக்குப் பரீட்சை. தற்செயலா அமைஞ்சதுதான். ஆனா இன்ஜினியரிங் சேர்ற ஒருத்தர் அந்த நாலு வருஷத்துல எட்டுத் தடவை இதைச் சந்திக்கிறார்.

அதனால "அந்த ஊர்ல கிளைமேட் எப்படி?"ன்னு பொதுவா கேட்கிறதுல பிரயோஜனம் இல்ல. ஆகஸ்ட்ல காலேஜைச் சுத்திப் பார்க்கப் போறோம், அன்னைக்கு நல்லாத்தான் இருக்கும். "நவம்பர் கடைசியில அங்க எப்படி இருக்கும், ஏப்ரல் கடைசியில எப்படி இருக்கும்?"னு கேட்கணும்.

2015 டிசம்பர்

இங்க என் கதையைக் கொஞ்சம் சொல்லிக்கிறேன். நான் படிச்சது சென்னையோட தெற்குப் புறநகர்ல ஒரு காலேஜ். பேர் வேண்டாம். 2015ல ரெண்டாம் வருஷம். அந்த நவம்பர்ல நுங்கம்பாக்கத்துல மட்டும் 100 சென்டிமீட்டருக்கு மேல மழை. பூமி முழுக்க நனைஞ்சு, ஏரியெல்லாம் நிறைஞ்சு நின்ன நேரத்துல டிசம்பர் 1ஆம் தேதி வந்துச்சு. தாம்பரத்துல 24 மணி நேரத்துல 49 சென்டிமீட்டர்.

என் ரூம் தரைத்தளம். ராத்திரி கட்டிலுக்குக் கீழ தண்ணி. புத்தகம், லேப்டாப், பெட்ஷீட்னு கையில கிடைச்சதைத் தூக்கிட்டு ரெண்டாவது மாடிக்குப் போனோம். கரண்ட் இல்ல. கரண்ட் இல்லைன்னா மோட்டார் இல்ல, குடிக்கத் தண்ணி இல்ல. சுத்தி எங்க பார்த்தாலும் தண்ணி, குடிக்க மட்டும் இல்ல. மறுநாள் மதியத்துக்குள்ள எல்லார் போனும் செத்துப்போச்சு. சிவகிரியில எங்க அம்மா டிவியில ஹெலிகாப்டர்ல சாப்பாடு போடுறதைப் பார்த்துக்கிட்டு, மூணு நாள் என் குரலைக் கேட்காம இருந்திருக்காங்க.

அப்புறம் ஹாஸ்டலைக் காலி பண்ணச் சொன்னாங்க. எங்க போறதுன்னு சொல்லல. ரயில்கள் ரத்து. விமான நிலையமே பல நாள் மூடிக் கிடந்துச்சு. நாலாவது நாள், செங்கல்பட்டு வரைக்கும் கிடைச்ச ஒரு வண்டியில தொத்திக்கிட்டு, அங்க இருந்து பஸ் மாறி மாறி ஊருக்கு வந்தேன். வாசல்ல நின்ன அம்மா "எய்யா, வந்துட்டியா"ன்னாங்க. அதுக்கு மேல ரெண்டு பேருக்கும் பேச்சு வரல.

பரீட்சையை அண்ணா பல்கலைக்கழகம் தள்ளி வெச்சுது. அது நியாயமான முடிவு. ஆனா லீவு போச்சு, நோட்ஸ் போச்சு, அடுத்த செமஸ்டர் நெருக்கிப் பிடிச்சு ஓடுச்சு. அப்போ ஒண்ணு கவனிச்சேன். என் ரூம்மேட்ல ஒருத்தன் விழுப்புரம் பக்கம். நவம்பர் 30ஆம் தேதியே மழையைப் பார்த்துட்டு வீட்டுக்குப் போயிட்டான். நான் 600 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறவன், ரெண்டு நாள் லீவுக்கெல்லாம் ஊருக்குப் போக முடியாதுன்னு உக்காந்திருந்தேன். ஒரே மழை, ஒரே ஹாஸ்டல். எனக்கும் அவனுக்கும் நடந்தது வேற வேற. வானிலையோட பாதிப்பைத் தீர்மானிக்கிறது மழை அளவு மட்டும் இல்ல. வீடு எவ்வளவு தூரம், எந்த மாடி, கையில எவ்வளவு காசு, இதெல்லாமும் சேர்ந்துதான்.

சராசரி பொய் சொல்லும்

நான் சாஃப்ட்வேர்ல வேலை பார்க்கிறவன். எங்க வேலையில ஒரு பாடம் உண்டு: சராசரியை நம்பாதே. ஒரு வெப்சைட் சராசரியா கால் செகண்ட்ல திறக்குதுன்னு ரிப்போர்ட் சொல்லும். ஆனா நூத்துல ஒருத்தருக்கு எட்டு செகண்ட் ஆகும். அந்த ஒருத்தர்தான் போன் பண்ணித் திட்டுவார். அதனால நாங்க சராசரியோட சேர்த்து பி99னு ஒண்ணையும் பார்ப்போம். நூறு தடவையில 99 தடவை இதுக்குள்ள முடிஞ்சிடும்னு சொல்ற எண் அது. அதைத் தாண்டுற அந்த ஒரு தடவைக்கு என்ன செய்யப்போறோம்னு தனியா யோசிப்போம்.

வானிலையும் அப்படித்தான். தூத்துக்குடி மாவட்டம்னா நம்ம எல்லாருக்கும் வறண்ட பூமி, உப்பளம், கரிசல். சராசரியைப் பார்த்தா மழை கம்மியான மாவட்டம்தான். ஆனா 2023 டிசம்பர் 17, 18ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல சுமார் 95 சென்டிமீட்டர் பெஞ்சுது. அந்த மாவட்டத்துல வருஷம் முழுக்கப் பெய்யுற சராசரி மழையைவிட அதிகம். தாமிரபரணி கரை புரண்டு திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் தண்ணியில நின்னுச்சு. திருச்செந்தூர்ல இருந்து சென்னைக்குக் கிளம்பின ரயில் ஸ்ரீவைகுண்டத்துல நின்னு, நூத்துக்கணக்கான பயணிகள் ஒரு நாளுக்கு மேல சிக்கிக்கிட்டாங்க. நம்ம தென்காசி மாவட்டமும் சேர்ந்து நாலு தென் மாவட்டங்கள்ல பள்ளி, கல்லூரிகளை மூடினாங்க.

அதே மாசம் ஆரம்பத்துலதான் மிக்ஜாம் புயலால சென்னை முங்கிச்சு. அப்போ சென்னையில படிச்ச நம்ம ஊர்ப் பிள்ளைங்க பலர் "ஊருக்கே போயிடலாம், அங்கதான் சேஃப்"னு வந்தாங்க. ரெண்டு வாரத்துல இங்க வெள்ளம்.

வாய்ஸ் நோட் அனுப்பின அண்ணாச்சிக்கும், அவங்க வீட்டம்மாவுக்கும் நான் சொல்ல வர்றது இதுதான். பக்கத்து ஊர்ல சேர்த்தா பிள்ளை நமக்குப் பக்கத்துல இருக்கும். அது உண்மை, அதுக்கு மதிப்பும் இருக்கு. ஆனா பக்கத்து ஊருங்கிறதால வானிலைக்குத் தப்பிச்சிடும்னு இல்ல. 2017 நவம்பர் 30ல ஒக்கி கன்னியாகுமரியைப் புரட்டிப் போட்டுச்சு. 2018 நவம்பர் 16ல கஜா வேதாரண்யம் பக்கம் கரை கடந்து டெல்டாவுல எத்தனையோ கிராமங்களுக்குக் கரண்ட் வர வாரக்கணக்குல ஆச்சு. புயலே வராத ஊர்னு தேடுறதைவிட, வந்தா சமாளிக்கிற இடமான்னு பார்க்கிறதுதான் புத்திசாலித்தனம்.

இன்னொண்ணு, நம்ம தலைக்கு மேல பெய்யுற மழை மட்டும் கணக்கில்ல. 2024 மே 17ல பழைய குற்றாலத்துல குளிச்சிக்கிட்டிருந்தவங்க மேல திடீர்னு வெள்ளம் பாய்ஞ்சு 17 வயசுப் பையன் ஒருத்தன் இறந்துபோனான். மழை பெஞ்சது மேல மலையில. சென்னையில 2015ல அடையாறு அப்படிப் பொங்கினதுக்கு, மேல இருக்கிற செம்பரம்பாக்கம் ஏரியில இருந்து திறந்த தண்ணியும், மத்த ஏரிகள்ல வழிஞ்ச தண்ணியும் காரணம். மலையடிவாரத்துலயோ ஆத்தங்கரையிலயோ காலேஜ் இருந்தா, மேல எங்க பெஞ்சா இங்க தண்ணி வரும்னு தெரிஞ்சு வெச்சுக்கணும்.

வெயில்: டிகிரி மட்டும் பார்க்காதீங்க

மழையைப் பத்தி எல்லாரும் பேசுவோம், ஏன்னா அது டிவியில தெரியும். வெயில் தெரியாது. ஆனா படிப்பைத் தினமும் தின்கிறது வெயில்தான்.

உடம்பு சூட்டைக் குறைக்கிறது வேர்வை காயும்போது. காத்துல ஏற்கெனவே ஈரம் இருந்தா வேர்வை காயாது. 35 டிகிரி வெயில், ஈரப்பதம் 40 சதவீதம்னா உடம்புக்கு 37 டிகிரி மாதிரித் தெரியும். அதே 35 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம்னா 50 டிகிரி மாதிரித் தெரியும். அதனால டிவியில "வேலூர்ல 41, சென்னையில 37"னு போட்டா சென்னை பரவாயில்லைன்னு முடிவு பண்ணிடக் கூடாது. வேலூர், திருச்சி, மதுரை மாதிரி உள்நாட்டு ஊர்கள்ல வெயில் காய்ச்சும். கடலோரத்துல புழுங்கும். ஆனா கடலோரத்துக்கு ஒரு கொடுப்பினை உண்டு. மதியத்துக்கு முன்னாடியே கடல்காத்து உள்ள வந்துட்டா அன்னைக்கு வெயில் அடங்கிடும். கடல்ல இருந்து முப்பது நாப்பது கிலோமீட்டர் உள்ள தள்ளி இருக்கிற காலேஜுக்கு அந்தக் காத்து வர்றதுக்குள்ள பொழுது சாஞ்சிடும்.

கோயம்புத்தூர் விஷயத்துக்கு வருவோம். அது கடல் மட்டத்துல இருந்து நானூறு மீட்டருக்கு மேல இருக்கு. பாலக்காட்டுக் கணவாய்க்கு நேரா இருக்கிறதால ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் நல்ல காத்து. நம்ம செங்கோட்டைக் கணவாய்க்கு அண்ணன் அது. அந்தப் பேர் வந்தது நியாயம்தான். ஆனா ஏப்ரல் பரீட்சையில அங்கயும் ஃபேனுக்குக் கீழ உக்காந்துதான் படிக்கணும்.

இதெல்லாத்தையும்விட முக்கியமானது ரூம். மொட்டை மாடிக்கு நேர் கீழ இருக்கிற ரூம்ல, பகல் பூராவும் சூடு வாங்கின கான்கிரீட் ராத்திரி அதை உள்ள இறக்கும். வெளியில பதினொரு மணிக்குக் குளிர்ந்தாலும் உள்ள இருக்கிறவனுக்குத் தூக்கம் வராது. தரைத்தளம்னா வெள்ளம், மேல்மாடின்னா சூடு. நடு மாடிதான் ராஜா. ஹாஸ்டல்ல ரூம் தேர்ந்தெடுக்க வாய்ப்புக் கிடைச்சா இதை மறந்துடாதீங்க.

தண்ணியையும் பாருங்க. 2019 ஜூன்ல சென்னைக்குக் குடிநீர் தர்ற நாலு ஏரிகளும் வத்திப்போய், சில ஐடி கம்பெனிகளே ஊழியர்களை வீட்டுல இருந்து வேலை பார்க்கச் சொன்னாங்க. 2015ல முங்கின அதே ஊர். மழை அதிகமான ஊர்ல தண்ணிப் பஞ்சம் வராதுன்னு யாரும் நினைக்காதீங்க.

வீசிங் இருந்தா

இனி பாப்பாவோட விஷயம். நான் டாக்டர் இல்ல. பொதுவா தெரிஞ்சதை மட்டும் சொல்றேன். ஆஸ்துமாவுக்குப் பொருந்துற ஊர்னு ஒரு பட்டியல் கிடையாது. ஒருத்தருக்குக் குளிர்காத்து ஆகாது, ஒருத்தருக்குத் தூசி, ஒருத்தருக்குப் பூந்தாது, ஒருத்தருக்குப் புகை, ஒருத்தருக்குச் சுவத்துல பிடிக்கிற பூஞ்சை. "குளுகுளுன்னு இருக்கும்"னு நம்பிப் பெங்களூரு போய், அங்க பார்த்தீனியச் செடியோட பூந்தாது ஒத்துக்காம தும்மிக்கிட்டே திரும்பினவங்க உண்டு. நம்ம ஊர்ல ஆடிக் காத்துல புழுதி பறக்கும்போது உங்க பொண்ணுக்கு எப்படி இருக்கு? மார்கழிப் பனியில எப்படி இருக்கு? மழைக்காலத்துல ஈரச் சுவர் பக்கத்துல படுத்தா எப்படி இருக்கு? இந்த மூணுக்கும் பதில் உங்க வீட்டுலயே இருக்கு. அதை எழுதி எடுத்துக்கிட்டு, அவளைப் பார்க்கிற டாக்டர்கிட்டயே போங்க. மூணு ஊர் பேரையும் சொல்லிக் கேளுங்க.

அப்புறம் ஹாஸ்டல்ல: சுவத்துல ஓதம் இருக்கா, ராத்திரி ரெண்டு மணிக்கு மூச்சுத் திணறினா எந்த ஆஸ்பத்திரி, வண்டி யார் தர்றாங்க, வார்டனுக்குத் தெரியுமா, இன்ஹேலர் கூடுதலா ஒண்ணு ரூம்மேட்டுக்குத் தெரிஞ்ச இடத்துல இருக்கா. ஊரோட கிளைமேட்டைவிட இதுங்கதான் உயிர் சம்பந்தப்பட்டது.

மாநிலம் தாண்டிப் போறவங்களுக்கு

ஜேஇஇ எழுதி என்ஐடி, ஐஐடி பக்கம் போறவங்களுக்குச் சுருக்கமா. ஸ்ரீநகர்ல டிசம்பர் 21ல இருந்து 40 நாள் கடுங்குளிர் காலம், 'சில்லை கலான்'னு சொல்வாங்க. குழாய்த் தண்ணி உறையும். அங்க பெரிய லீவு குளிர்காலத்துலதான், நம்ம மாதிரிக் கோடையில இல்ல. டெல்லியில பிரச்சினை குளிர் மட்டும் இல்ல, காத்து. 2024 நவம்பர்ல மாசு தாங்காம டெல்லிப் பல்கலைக்கழகமே வகுப்புகளை ஆன்லைனுக்கு மாத்துச்சு. வீசிங் இருக்கிறவங்க இதை லேசா எடுத்துக்கக் கூடாது. அசாம்ல சில்சார் நகரம் 2022 ஜூன்ல நாள்கணக்குல வெள்ளத்துல நின்னுச்சு. கேரளாவுல மழைன்னா ஜூன்ல இருந்து செப்டம்பர், நம்ம கணக்குக்கு நேர் எதிர். நல்ல காலேஜை இதுக்காக விட்டுடுங்கன்னு சொல்லல. ஸ்வெட்டர் வாங்குற காசு, வீட்டுக்கு வர்ற ரயில் டிக்கெட் காசு, இதெல்லாம் ஃபீஸோட சேர்த்து எழுதுங்கன்னு சொல்றேன்.

யார்கிட்ட என்ன கேட்கணும்

காலேஜ் புரோஷர்ல மழை பெய்யாது. அதனால அங்க ஹாஸ்டல்ல இப்போ இருக்கிற மூணாம் வருஷம், நாலாம் வருஷப் பிள்ளைங்க ரெண்டு பேரைப் பிடிங்க. அவங்ககிட்ட இந்த ஆறு கேள்வி:

1. போன பெருமழையில தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு? ரோடு வரைக்குமா, கேட் வரைக்குமா, ரூம் வரைக்குமா?

2. கரண்ட் போனா ஜெனரேட்டர் எத்தனை மணி நேரம் ஓடும்? மோட்டாருக்கும் சேர்த்தா, லைட்டுக்கு மட்டுமா?

3. ஏப்ரல்ல தண்ணி லாரி வருமா? ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் குழாயில தண்ணி?

4. மேல்மாடி ரூம்ல ராத்திரி தூங்க முடியுமா? லைப்ரரி எத்தனை மணி வரைக்கும் திறந்திருக்கும்?

5. புயல் எச்சரிக்கை வந்தா ஹாஸ்டல்ல இருக்க விடுவாங்களா, காலி பண்ணச் சொல்வாங்களா? முன்கூட்டியே சொல்வாங்களா?

6. காலேஜ்ல இருந்து ரயில்வே ஸ்டேஷனுக்குப் போற வழியில எந்த இடத்துல தண்ணி தேங்கும்?

அதோட, இந்திய வானிலை ஆய்வுத் துறையோட இணையதளத்துல மாவட்டவாரியா மழைக் கணக்கு இருக்கு. தமிழ்நாடு அரசோட டிஎன்-அலர்ட் ஆப் இருக்கு. எச்சரிக்கை நிறத்தைப் பிள்ளைங்களுக்குச் சொல்லிக்கொடுங்க. ரெட் அலர்ட்னா 20 சென்டிமீட்டருக்கு மேல பெய்யலாம்னு அர்த்தம், பயப்படுறதுக்கு இல்ல, தயாராகுறதுக்கு. போன்ல சார்ஜ், பாட்டில்ல தண்ணி, சர்டிஃபிகேட் எல்லாம் பிளாஸ்டிக் கவர்ல போட்டு மேல் தட்டுல. 2015ல எனக்கு இந்த மூணும் தெரிஞ்சிருந்தா எங்க அம்மாவுக்கு அந்த மூணு ராத்திரி மிச்சம் ஆகியிருக்கும்.

கடைசியா ஒண்ணு

இந்த எபிசோடுக்கு முன்னாடி அந்த அண்ணாச்சிக்குப் போன் பண்ணேன். பாப்பாகிட்டயும் பேசணும்னு கேட்டேன். அவ சொன்னது: "அண்ணே, நான் சென்னை கேக்குறது ஊர் சுத்த இல்ல. எனக்கு வேண்டிய பிராஞ்ச் என் கட்-ஆஃப்க்கு அங்கதான் வருது. அத யாரும் கேக்கல. மழை, மழைன்னே பேசுதாங்க."

நம்ம பக்கத்துல இது நடக்கிறதுதான். பையன் தூரமாப் போறேன்னா "ஸ்வெட்டர் வாங்கிக்கோ"ம்போம். பொண்ணு போறேன்னா "அங்க கிளைமேட் சரியில்ல"ம்போம். பயம் நிஜம்தான், நான் குறை சொல்லல. ஆனா மனசுல இருக்கிற பயம் வேறயா இருந்தா அதை நேராப் பேசிடுங்க. பாவம், மழை மேல பழி போடாதீங்க.

என்னோட வரிசை இதுதான். முதல்ல பிராஞ்ச்சும் காலேஜோட தரமும். அடுத்து காசு. வானிலை மூணாவது, ரெண்டு காலேஜ் சமமா இருக்கும்போது எதுன்னு முடிவு பண்ண. உடம்புல பிரச்சினை இருக்கிறவங்களுக்கு மட்டும் இந்த வரிசை மாறும். அவங்க டாக்டர் ஆகாதுன்னு சொன்ன ஊரை லிஸ்ட்லயே வைக்கக் கூடாது.

அவங்க அந்த ஆறு கேள்வியையும் கேட்டுட்டாங்க. அந்த ஹாஸ்டல்ல இருக்கிற ஒரு பொண்ணு, மிக்ஜாம் அப்போ ரோட்டுல முழங்கால் அளவு தண்ணி, உள்ள வரல, ரெண்டு நாள் கரண்ட் இல்லைன்னு சொல்லியிருக்கு. டாக்டர், சென்னை பரவாயில்லை, ஓதம் பிடிச்ச ரூம் மட்டும் வேண்டாம்னு சொல்லியிருக்கார். சாய்ஸ் லிஸ்ட்ல சென்னை முதல்ல, திருநெல்வேலி ரெண்டாவது. லாக் பண்ணியாச்சு. அலாட்மென்ட் இன்னும் வரல.

எது வந்தாலும், பாப்பா, நடு மாடி ரூம் கேளு. சந்தேகம் இருந்தா எல்லாரும் வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.